அப்பாவின் கீபேட் போனில் பேலன்ஸ் தானாகக் குறைகிறது, எப்படி நிறுத்துவது?

கரிசல்மகள்:

அப்பாவுக்கு 71 வயது. கோவில்பட்டி பக்கத்தில் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். நான் திருப்பூரில் வேலை பார்க்கிறேன். அவரிடம் இருப்பது பழைய கீபேட் போன். நெட் கிடையாது, வாட்ஸ்அப் கிடையாது. சிலிண்டர் புக் பண்ணுவார், ரேஷன் கடை மெசேஜ் வரும், என்னோடும் அத்தையோடும் பேசுவார். அவ்வளவுதான் அந்த போனுக்கு வேலை. அதனால் பேசுகிற நேரத்துக்கு மட்டும் காசு பிடிக்கும் சின்ன பேக் போட்டிருக்கிறேன்.

மூன்று மாதமாகவே பேலன்ஸ் நிற்பதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை 50 ரூபாய் டாப்-அப் போட்டேன். 39 ரூபாய் 37 காசு ஏறியது. திங்கட்கிழமை மதியம் பார்த்தால் 3 ரூபாய் 37 காசு. நடுவில் ஒரு போன்கூட அவர் பண்ணவில்லை.

எனக்கு வயிறு எரிவது 36 ரூபாய்க்காக இல்லை. தான் அதிகமாகப் பேசுவதால்தான் காசு தீர்கிறது என்று அப்பா நினைத்துக்கொண்டார். "வச்சிரட்டுமா தாயி, காசு ஓடுது" என்று ஒரு நிமிடத்திலேயே வைத்துவிடுவார். அப்புறம் அவராக அழைப்பதையே நிறுத்திவிட்டார். என்மேல் ஏதோ கோபம் என்று நான் நினைத்திருந்தேன். போன வாரம் அத்தை சொல்லித்தான் காரணம் தெரிந்தது.

இன்னொன்று. அவருக்கு அழைத்தால் ஒரு சினிமாப் பாட்டு கேட்கும். அப்பா ஆசைப்பட்டு வைத்திருக்கிறார் என்று விட்டுவிட்டேன். இப்போதுதான் சந்தேகம் வருகிறது. கம்பெனிக்கு அழைத்தால் "நீங்கள்தான் ஆக்டிவேட் செய்திருக்கிறீர்கள்" என்கிறார்கள். என்ன செய்யலாம்?

செல்கடைக்காரர்:

சந்தேகமே வேண்டாம் தங்கச்சி, அந்தப் பாட்டுதான். காலர் டியூன். அழைக்கிறவர்களுக்குத்தான் கேட்கும், போன் வைத்திருப்பவருக்குக் கேட்காது. தன் போனில் பாட்டு இருப்பதே அப்பாவுக்குத் தெரிந்திருக்காது.

எங்கள் கடைக்கு வாரம் இரண்டு மூன்று பெரியவர்களாவது இதே பிரச்சினையோடு வருகிறார்கள். திரையில் திடீரென்று ஆங்கிலத்தில் ஒரு அறிவிப்பு வந்து நிற்கும். அதைத் தள்ளிவிட ஓகே அமுக்குவார்கள். உடனே இன்னொன்று வரும், அதற்கும் ஓகே. சேவை தொடங்க இரண்டாவது முறையும் சம்மதம் வாங்க வேண்டும் என்று போன் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிராய் 2013-லேயே உத்தரவு போட்டது. அந்த இரண்டாவது ஓகேயைத்தான் சம்மதம் என்று காட்டுவார்கள். படிக்கத் தெரியாத மொழியில் கேட்டு வாங்குவதைச் சம்மதம் என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. சிலர் வேறொருவரின் டியூன் ஓடும்போது ஸ்டார் பட்டனைத் தெரியாமல் அமுக்கிவிடுவார்கள், அதிலும் பாட்டு காப்பி ஆகிவிடும்.

155223-க்கு ஸ்டாப் என்று ஆங்கிலத்தில் மெசேஜ் அனுப்பச் சொல்லுங்கள், அழைத்தும் சொல்லலாம். எல்லாக் கம்பெனிக்கும் இந்த ஒரே எண்தான். என்னென்ன சேவை ஓடுகிறது என்று பதில் வரும். ஒவ்வொன்றாக நிறுத்துங்கள். பிறகு போன் மெனுவில் சிம் பெயரில் ஒரு பகுதி இருக்கும், அதற்குள் போய் இந்த அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் அடுத்த மாதம் திரும்பவும் வரும்.

வழக்குமேசை:

நிறுத்துவதோடு விட்டுவிடாதீர்கள், எடுத்த காசைத் திருப்பிக் கேளுங்கள். 198-க்கு அழைத்துப் புகார் என்று பதியச் சொல்லுங்கள். பேச்சோடு முடித்துவிடப் பார்ப்பார்கள், புகார் எண் வாங்காமல் போனை வைக்க வேண்டாம். அதில் தீராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். டிராய் தனிப்பட்ட புகார்களை விசாரிப்பதில்லை, அங்கே எழுதி நாளை வீணாக்காதீர்கள்.

ப்ரீபெய்டுக்கும் விவரமான பில் கேட்கலாம், கடந்த ஆறு மாதத்துக்குள் எந்தக் காலத்துக்கும். அதற்கு 50 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. எந்தத் தேதியில் எதற்குப் பிடித்தார்கள் என்று அதில் இருக்கும். அது கையில் இருந்தால் பேச்சே மாறும்.

தூத்துக்குடி மணி:

டேட்டாவே வேண்டாதவர்களுக்கு வாய்ஸும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் சொன்னது. 365 நாள் வரை வேலிடிட்டி இருக்கலாம். அப்பாவுக்கு அதையே போடுங்கள். எவ்வளவு பேசினாலும் காசு ஓடாது என்று அவருக்குச் சொல்லியும் விடுங்கள். மெயின் பேலன்ஸில் காசு போட வேண்டிய அவசியமும் இருக்காது, எடுப்பதற்கு அங்கே எதுவும் இருக்காது.

கரிசல்மகள்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மூன்று சேவை ஓடியிருக்கிறது: பாட்டு, ராசிபலன், கிரிக்கெட் ஸ்கோர். அப்பா கிரிக்கெட்டே பார்க்க மாட்டார். புகார் எண் வாங்கிவிட்டேன், கடைசியாகப் பிடித்த 36 ரூபாய் திரும்பி வந்தது. முந்தைய மாதங்களுக்குப் பில் கேட்டிருக்கிறேன், விடப்போவதில்லை.

ஸ்டாப் மெசேஜை அப்பாவே அனுப்பினார். பட்டனில் எழுத்தெல்லாம் தேய்ந்துவிட்டதால் அத்தை போனில் அவரை அழைத்து எண்ணிக்கையாகச் சொன்னேன். ஏழை நாலு தடவை, எட்டை ஒரு தடவை, ஆறை மூணு தடவை, திரும்ப ஏழை ஒரு தடவை. ஒவ்வொன்றையும் வாய்விட்டு எண்ணிக்கொண்டே அமுக்கினார்.

மணி அண்ணன் சொன்ன பேக்கையும் போட்டுவிட்டேன். நேற்று ராத்திரி அவராக அழைத்தார். கிணற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறதாம், எதிர்வீட்டு ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறதாம். 22 நிமிடம் பேசினோம்.