ஆப்பிள் கன்றுகள் பள்ளத்துப் பக்கம் மட்டும் வாடுகின்றன. நோயா, சத்துக் குறையா?

மேல்மலை விவசாயி:
கொடைக்கானல் மேல்மலையில் அன்னா, டார்செட் கோல்டன் என்ற ஆப்பிள் ரகங்கள் வைத்திருக்கிறேன். இமாச்சலிலிருந்து வந்த ஒட்டுக்கன்றுகள், ரகத்தை ஒட்டியிருக்கும் அடிச்செடி, அதாவது வேர்ச்செடி, எம்.எம். 106, இது மூன்றாம் வருஷம். ஐப்பசி மழைக்கு அப்புறம் பள்ளத்தில் இருக்கும் ஏழெட்டு மரங்களில் இலை சிறுத்துச் செம்பு நிறமாகிறது. தளிர் ஒரு விரல் நீளத்துக்கு மேல் ஓடவில்லை. கடையில் கொடுத்த பூஞ்சைக்கொல்லி, நுண்ணூட்டம் இரண்டும் அடித்தாச்சு, பலனில்லை. மேட்டு மரங்களுக்கு ஒன்றுமில்லை. எங்கிருந்து பார்ப்பது?

மண்வாசம்:
மக்னீசியக் குறை மாதிரி இருக்கிறது. எப்சம் உப்பு தெளித்துப் பாருங்கள்.

சிம்லா தோட்டக்காரன்:
எப்சம் உப்பு இருக்கட்டும் தம்பி. மக்னீசியக் குறை என்றால் அடி இலைகளில் நரம்புகளுக்கு நடுவே வெளுக்கும். நீங்கள் சொல்வது மரம் முழுக்கச் சிவப்பது, அதுவும் தண்ணீர் நிற்கும் இடத்தில் மட்டும். இலையை விட்டுவிட்டு அடித்தண்டைப் பாருங்கள். தண்டின் கழுத்தில் பட்டை செத்தால் இலையில் தயாராகும் சர்க்கரை வேருக்கு இறங்காமல் மேலேயே தேங்கும், அந்த நிறம் அதனால்தான்.

நான் சிம்லா பக்கத்துத் தோட்டங்களில் ரொம்ப வருஷம் வேலை பார்த்தவன். அங்கே 106-இல் இதை நிறையப் பார்க்கலாம். கம்பளி அசுவினி என்ற, வெள்ளைப் பஞ்சு மூடிய சாறுறிஞ்சிப் பூச்சியைத் தாங்கும் வேர்ச்செடி அது, ஆனால் கழுத்தழுகலுக்குச் சட்டென்று மாட்டிக்கொள்ளும். இந்த நோயைக் கொண்டுவரும் பைட்டாப்தோரா என்ற கிருமியின் வித்துகள் மண்ணில் நிற்கும் தண்ணீரில் நீந்தியே பரவும்.

தண்டைச் சுற்றி ஒரு சாண் ஆழம் மண்ணை விலக்கி, பட்டையைக் கத்தியால் லேசாகச் சீவுங்கள். நல்ல பட்டை உள்ளே வெளுத்த பச்சையாக ஈரமாக இருக்கும். அழுகியது செம்பழுப்பு. இரண்டுக்கும் நடுவே கோடு போட்ட மாதிரி எல்லை தெரியும். வேரில் வெள்ளையாக ஏதாவது இருந்தால் விரலில் நசுக்குங்கள். சிவப்புச் சாறு ஒட்டினால் அசுவினி. சாறில்லாமல் நூல் நூலாய்ப் பட்டைக்கடியில் படர்ந்திருந்தால் வெள்ளை வேரழுகல், அந்த மரத்தை வேரோடு எடுக்க வேண்டியதுதான்.

மேல்மலை விவசாயி:
சீவிப் பார்த்தேன் அண்ணே. வெள்ளை எதுவும் இல்லை. செம்பழுப்பு மண்ணுக்கடியில் தொடங்கி ஒட்டு வரை ஏறி அங்கேயே நின்றுவிட்டது. ஒரு மரத்தில் சுற்றி முழுக்க, மற்றவற்றில் பாதிச் சுற்றுக்கும் குறைவு.

சிம்லா தோட்டக்காரன்:
ஒட்டோடு நின்றால் வேர்ச்செடிதான் அழுகுகிறது, கழுத்தழுகலேதான். கடைமருந்து இலையில் அடிப்பது, கழுத்துக்குப் போய்ச் சேராது. முழுச் சுற்றும் போன மரத்தைப் பிடுங்கிவிடுங்கள். மற்றவற்றில் நல்ல பட்டை தெரியும்வரை சுரண்டி, சுரண்டலைத் தோட்டத்தில் போடாமல் எரித்துவிட்டு, போர்டோ பசை பூசுங்கள்: மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர். இரும்பு வாளி வேண்டாம், பிளாஸ்டிக் போதும். விலக்கிய மண்ணை உடனே மூடாதீர்கள், கழுத்து காயட்டும். ஆனால் அந்தக் குழியில் மழைத்தண்ணீர் நிற்காமல் வழி வெட்டிவிடுங்கள். தொழுவுரத்தையும் சொட்டுநீர் முனையையும் தண்டைவிட்டுத் தள்ளி வையுங்கள்.

பள்ளத்தில் வடிகால் வெட்டாமல் மறுபடி நடாதீர்கள். நட்டாலும் மேடு கட்டி, எம்.எம். 111 வேர்ச்செடியில் நடுங்கள். மேட்டு மரங்களிலும் ஒன்றிரண்டைச் சீவிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.