1966 டீலக்ஸ் ரிவெர்ப்: ஹம் போகணும், நாதம் போகக் கூடாது

செம்பனைக்காடு (சுங்கை சிப்புட்):
எங்க இசைக்குழுவுக்கு 1966-ல வந்த ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப்ங்கிற வால்வு கிட்டார் ஆம்ப் ஒண்ணு வந்திருக்கு. அமெரிக்காவின் 120 வோல்ட் மாடல், இரண்டு முள் பிளக். வால்யூம் பூஜ்யத்திலேயே கனமான ஹம் (ஊம்னு இரைச்சல்). கெப்பாசிட்டர், ரெசிஸ்டர் எல்லாத்தையும் மாத்தி, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வால்வுக்குப் பதில் டையோடு போடச் சொல்றாங்க. திருவிழாவுக்கு முன்னாடி எதை மாத்தணும், எதைத் தொடக் கூடாது?

வால்வுநாதம்:
டையோடு வேண்டவே வேண்டாம் தம்பி. கம்பியை அழுத்தி வாசிக்கும்போது ரெக்டிஃபையரான ஜிஇசட்34 வால்வில் மின்னழுத்தம் கொஞ்சம் தாழ்ந்து திரும்ப ஏறும். அந்த நெளிவு விரலுக்கே தெரியும், இந்த ஆம்பின் உயிரே அதுதான். டையோடு போட்டால் நெளிவும் போகும், வோல்டேஜ் ஏறி, ஸ்பீக்கரை ஓட்டும் 6வி6 வால்வு ஜோடியும் வாடும்.

மாற்ற வேண்டியவை எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள். சேசிஸுக்கு (ஆம்பின் உலோகச் சட்டம்) வெளியே தகர மூடிக்குள் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள், 16 மைக்ரோஃபேரட், 450 வோல்ட்டில் ஐந்து இருக்கும். 6வி6-இன் ஓய்வு மின்னோட்டத்தை நிர்ணயிக்கும் பயாஸ் பகுதியில் ஒன்று, வால்வுகளின் கேத்தோடு முனைகளில் 25 மைக்ரோஃபேரட், 25 வோல்ட். இத்தனை வருஷத்தில் உள்ளே காய்ந்திருக்கும். ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்கு நாதத்தைக் கடத்தும் நீலக் கப்ளிங் கெப்பாசிட்டர்களை டிசி கசிந்தால் மட்டும் மாற்றுங்கள்.

மின்கம்பி:
திறக்கும் முன் ஒன்று. பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம், ஆளைக் கொல்லும். 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாகச் சேசிஸுக்கு இறக்கி, மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கை வைக்கணும். எர்த் உள்ள மூன்று முள் ஒயர் போட்டு, கிரவுண்ட் சுவிட்சிலிருந்து சேசிஸுக்குப் போகும் 0.047 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டரைக் கழற்றிவிடுங்கள்.

நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 120 வோல்ட்டுக்கு இறக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்கென்றே சுற்றிய ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மர் இங்கே கூடுதலாகச் சுடும். 300 வாட் ஸ்டெப்-டவுன் போதும். ஒரு மணி நேரம் ஓடிய பிறகு ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மர் சூட்டைப் பாருங்கள்.

செம்பனைக்காடு:
நன்றிண்ணே. ஹம் கெப்பாசிட்டரால்தான்னு எப்படி உறுதி பண்றது?

வால்வுநாதம்:
ஆம்பை அணைத்து, 6வி6 ஜோடிக்கு அடுத்துள்ள 12ஏடி7 வால்வைக் கழற்றிவிட்டு, ஆம்பை மறுபடி ஆன் செய்யுங்கள். அப்போதும் ஹம் இருந்தால் ஃபில்டர் கெப்பாசிட்டரோ, ஜோடி சேராத 6வி6-ஓ காரணம். நின்றுபோனால் கோளாறு முன்கட்டங்களில். எப்போதும் ஸ்பீக்கர் மாட்டியே இருக்கணும், இல்லாவிட்டால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகும்.

கெப்பாசிட்டர் மாற்றியதும் பயாஸ் வையுங்கள்: ஒவ்வொரு 6வி6 கேத்தோடிலும் 1 ஓம் ரெசிஸ்டர் போட்டு அளந்தால் 22 மில்லிவோல்ட் என்பது 22 மில்லிஆம்பியர். 6வி6-இன் பிளேட் முனையில் 415 வோல்ட் இருக்கும்போது அது சரியான அளவு.