உங்களுக்கு வந்த தீர்க்கதரிசனத்தை எப்படிச் சோதித்துப் பார்த்தீர்கள்?

பாளைக்காரி: அக்காவுக்கு வரன் பார்த்த சமயம், உபவாச ஜெபத்துக்கு வந்த ஒரு ஊழியர் அம்மாவிடம், "உன் மகளைத் தண்ணீரைக் கடக்கப்பண்ணுவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார்" என்றார். அன்றிலிருந்து அம்மாவுக்கு வெளிநாட்டு மாப்பிள்ளைதான். வந்த இரண்டு நல்ல சம்பந்தங்களும் போயின. எங்கள் பாஸ்டர் அம்மாவை உட்காரவைத்து, அந்த ஊழியர் சொன்ன வார்த்தைகளை மட்டும் எழுதச் சொன்னார். ஒரே வரி. துபாயும் கனடாவும் அதில் இல்லை, அம்மா சேர்த்தவை. அப்போஸ்தலர் 21-ஐ வாசிக்கச் சொன்னார். பவுலின் கச்சையால் தன் கைகால்களைக் கட்டிக்கொண்ட அகபு என்ற தீர்க்கதரிசி, எருசலேமில் இப்படிக் கட்டுவார்கள் என்று மட்டுமே சொன்னான். "போகவேண்டாம்" என்று அழுதது கூட இருந்தவர்கள். பவுல் போனார். அக்கா இப்போது ராமேஸ்வரத்தில். பாம்பன் பாலத்தில் பஸ் ஏறினாலே அம்மா, "பாத்தியா, தண்ணீரைக் கடந்தாச்சு" என்பாள்!

வேதபாட அண்ணன்: சிரித்துவிட்டேன் தங்கச்சி. ஆனால் பாலத்துக்கும் பொருந்துகிற வார்த்தையை எதை வைத்துச் சோதிப்பது? எரேமியா 28-இல் அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் பாபிலோனின் நுகம் முறியும் என்று கெடு வைத்தான். எரேமியாவும் முதலில் "ஆமென்" என்றுதான் சொன்னார். பிறகுதான், அனனியா சொன்னது பொய் என்று கர்த்தருடைய வார்த்தை வந்தது. அனனியா அந்த வருஷமே செத்தான். சொன்னது பலித்தாலும் போதாது. உபாகமம் 13: அடையாளம் நடந்தாலும், வேறே தேவர்களிடம் இழுத்தால் கேட்காதே.

பழைய வாலண்டியர்: ஒரு கன்வென்ஷனில் ஜெபச் சீட்டு வாங்கும் வேலை எனக்கு. பேர், ஊர், வியாதி எல்லாம் இருக்கும். சாயங்காலத்துக்குள் கட்டு மேடைக்குப் பின்னால் போய்விடும். ராத்திரி பிரசங்கியார், "கிட்னி கோளாறோடு வந்திருக்கிற சகோதரியே" என்று பேர் சொல்லிக் கூப்பிட்டார். ஜனங்கள் கதறினார்கள். அந்தச் சீட்டை வாங்கினது நான். மறுநாள் போகவில்லை.

திருச்சி தம்பி: காணிக்கைக் கவரைக் கையில் கொடுத்துவிட்டுச் சொல்லும் தீர்க்கதரிசனம் எனக்கு வேண்டாம். பணத்துக்குக் குறிசொல்லும் தீர்க்கதரிசிகளைப் பற்றி மீகா 3:11 பார்க்கவும். ஆதித் திருச்சபையின் போதனை நூலான டிடாக்கேயிலும் உண்டு: ஆவியில் பேசி எனக்குப் பணம் தா என்பவனுக்குச் செவிகொடாதே, இல்லாதவர்களுக்காகக் கேட்டால் அவனைக் குறை சொல்லாதே.

நாசரேத்துக்காரன்: எல்லாரையும் ஒரே கட்டில் கட்டாதீர்கள். "தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள்" என்பதும் வசனம்தானே (1 தெசலோனிக்கேயர் 5:20). எங்கள் சி.எஸ்.ஐ. கோவிலில் ஒரு பாட்டி, மைக் பிடித்ததே இல்லை. ஒருநாள் வீட்டுக்கு வந்து, "ஜெபம்பண்ணும்போது உன் ஞாபகமாவே இருக்குல. யார்கிட்டயாவது பேசாம இருக்கியா? தப்புன்னா விட்டுரு. பாஸ்டர் ஐயர்கிட்டயும் கேட்டுக்க" என்றார்கள். நிலத் தகராறில் அண்ணனோடு பேச்சு நின்றிருந்தது, ஊருக்கே தெரியும். பாட்டிக்குத் தெரிந்திருந்தால்கூட எனக்குக் கவலையில்லை. மேடைக்காரர் எவரும் "தப்புன்னா விட்டுரு" என்று சொல்லி நான் கேட்டதில்லை. மற்றவர்கள் நிதானிக்கட்டும் என்று பவுல் எழுதினாரே (1 கொரிந்தியர் 14:29), அதற்கு அந்த அம்மா இடம் கொடுத்தார்கள்.

பாளைக்காரி: அண்ணன் பேசினாரா?

நாசரேத்துக்காரன்: கிறிஸ்துமஸுக்குப் போனேன். மதினி சாப்பாடு போட்டாங்க. பங்கு இன்னும் பிரியல.