உள்ளங்கால் கறுப்பு, பரம்பரை மச்சம்: எங்கள் வீட்டு அனுபவங்கள்

கலைவாணி, மந்தைவெளி

என் பெரியம்மாவுக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய். வலது குதிகால் ஓரத்தில் கறுப்பாக ஒன்று படர ஆரம்பித்தபோது, தெருமுனை கிளினிக்கில் கால் ஆணி என்று சொல்லி பிளாஸ்திரி ஒட்டி அனுப்பினார்கள். பிறகு அது வெடித்துக் கசியத் தொடங்கியதும் வேறொரு இடத்தில் சர்க்கரைப் புண் என்றார்கள். மாதக்கணக்கில் கட்டுப் போட்டும் ஆறவில்லை. கடைசியில் ஒரு தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனோம்.

அவர் கையடக்கமான ஒரு லென்ஸ் கருவியைப் பாதத்தில் பதித்துப் பார்த்தார். புண்ணைச் சுற்றியிருந்த கறுப்பைப் படமெடுத்து எங்களுக்கும் காட்டினார். கைவிரலில் இருப்பதுபோலவே உள்ளங்காலிலும் ரேகைகள் உண்டு. சாதாரண மச்சமென்றால் நிறம் பெரும்பாலும் ரேகைகளின் பள்ளத்தில் ஓடுமாம். பெரியம்மாவுக்கு மேடுகளின் மீது பட்டையாக ஓடியிருந்தது. அதைப் பார்த்த உடனே பயாப்சிக்கு எழுதிக் கொடுத்தார். முடிவு மெலனோமா. தோலுக்கு நிறம் தரும் செல்களில் வரும் புற்றுநோய்.

வெயிலால் வருகிற மெலனோமா நம்மைப் போன்ற மாநிறத்தவர்க்கும் கறுப்பர்களுக்கும் அபூர்வம். தோலில் உள்ள மெலனின் என்ற நிறமி பெருமளவு காத்துவிடுகிறது. ஆனால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் வருவது நிறம் பார்ப்பதில்லை. நம் மக்களுக்கு மெலனோமா வந்தால் பெரும்பாலும் அங்கேதான் வருகிறது. பாடகர் பாப் மார்லிக்கும் கால் பெருவிரல் நகத்தடியில்தான் தொடங்கியது. 1981இல் இறந்தபோது அவருக்கு வயது 36. இதையெல்லாம் அந்த மருத்துவர் பொறுமையாக உட்காரவைத்துச் சொன்னார். அந்தப் பொறுமைக்கு நாங்கள் என்றும் கடன்பட்டவர்கள்.

கட்டி எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை வைத்துத்தான் மேற்கொண்டு எல்லாம். சுற்றிலும் நல்ல தோலையும் சேர்த்து வெட்டியெடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். தொடை இடுக்கில் இருக்கும் நிணநீர் முடிச்சையும் எடுத்துச் சோதித்தார்கள், அதில் பரவவில்லை. பெரியம்மா இப்போது நடமாடுகிறார். பரிசோதனைக்குத் தவறாமல் போகிறார்.

அடுத்து வந்தது குடும்பத்தின் கேள்வி. நியூ ஜெர்சியில் இருக்கும் பெரியம்மா மகள் அழுதுகொண்டே, “அக்கா, இது பரம்பரையா? என் பிள்ளைகளுக்கும் வருமா?” என்று கேட்டாள். அவள் உடம்பிலும் அம்மாவைப் போலவே நிறைய மச்சங்கள். மருத்துவரிடம் கேட்டேன். உள்ளங்கால் வகை குடும்பத்தில் தொடர்வது மிகவும் அரிது என்றார். அந்தக் கட்டியின் மரபணுவில் உள்ள மாற்றம் பெரியம்மாவின் அந்த ஒரு செல்லில், அவர் வாழ்நாளில் நேர்ந்தது. பிறக்கும்போதே கொண்டுவந்ததல்ல, பிள்ளைக்குக் கொடுத்ததும் அல்ல. நெருங்கிய இரத்த உறவில் பலருக்கு மெலனோமா வந்திருந்தாலோ, மெலனோமாவும் கணையப் புற்றுநோயும் ஒரே குடும்பத்தில் சேர்ந்து வந்திருந்தாலோ மரபணுச் சோதனை பற்றி யோசிக்கலாம், உங்களுக்கு அது தேவையில்லை என்றார்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பாதங்களைத் திருப்பிப் பாருங்கள். குனிந்து தங்கள் உள்ளங்காலைத் தாங்களே பார்க்க அவர்களால் முடியாது.

தேன்மொழி, பெரம்பூர்

பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். சான்றிதழுக்காக மாணவிகளின் அங்க அடையாளங்களை எழுதும்போது, பத்தில் ஒன்பது பேருக்கு மச்சம்தான். ஒரே உருவ இரட்டையர் இருவர் என் வகுப்பில் இருந்தார்கள். இருவருக்கும் உடம்பு நிறைய மச்சம், ஆனால் ஒருத்திக்குத் தாடையில் இருந்தது மற்றவளுக்குத் தாடையில் இல்லை. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகளும் இதையொட்டித்தான் சொல்கின்றன: மச்சம் எத்தனை என்பதில் மரபின் பங்கு மிகப் பெரிது, வெயிலின் பங்கும் உண்டு.

சென்ற ஆண்டு ஒரு மாணவி, “மிஸ், மச்சத்துக்குள் புற்றுநோய் மரபணு இருக்கிறதாமே?” என்று கேட்டாள். கண்ணுக்கு மேல் அவளுக்கே ஒன்று. அந்தப் பயத்தைப் போக்க ஒரு பாடவேளை முழுவதையும் செலவிட்டேன். அவள் படித்தது பாதி உண்மை. மெலனோமா கட்டிகளில் ஏறக்குறைய பாதியில் பிராஃப் என்ற மரபணுவில் ஒரு சடுதி மாற்றம் இருப்பது 2002இல் தெரியவந்தது. அடுத்த ஆண்டே, சாதுவான சாதாரண மச்சங்களில் பெரும்பாலானவற்றிலும் அதே மாற்றம் இருப்பதைக் கண்டார்கள். ஒரு நிறமிச் செல்லில் அந்த மாற்றம் நேர்கிறது, அது பெருகுகிறது, ஒரு கட்டத்தில் நின்றுவிடுகிறது. நின்றுபோன அந்தக் கூட்டம்தான் நாம் காணும் மச்சம். வண்டிக்கு பிரேக் போல, பெருக்கத்தை நிறுத்தும் புரதங்களில் பி16 முக்கியமானது. அதை உருவாக்கும் சிடிகேஎன்2ஏ மரபணு 9ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அதில் ஒரு பிரதி பழுதாகப் பிறப்பவர்களின் குடும்பங்களில் மெலனோமா தலைமுறை தலைமுறையாக வருவதுண்டு. செம்பட்டை முடிக்குக் காரணமான எம்சி1ஆர் மரபணு வேறுபாடுகளும் ஆபத்தைக் கூட்டும். அவை ஐரோப்பிய வம்சாவளியினரிடம் அதிகம்.

நூறு மச்சத்துக்கு மேல் இருப்பவர்களுக்கு, பதினைந்துக்குக் கீழ் இருப்பவர்களைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு ஆபத்து என்று இணையத்தில் படித்துவிட்டு நம் பிள்ளைகள் கண்ணாடி முன் நின்று எண்ணுகிறார்கள். அந்தக் கணக்கு பெரும்பாலும் வெள்ளைத் தோல் உடையவர்களிடம் எடுத்தது. அவர்களிடம்கூட மெலனோமாக்களில் சுமார் 70 சதவீதம் மச்சமே இல்லாத வெறும் தோலில் புதிதாகத் தோன்றுகின்றன. எனவே பழைய மச்சங்களை எண்ணுவதில் பயனில்லை. புதிதாக வந்தது எது, மற்றவற்றைப்போல் இல்லாமல் தனித்துத் தெரிவது எது என்று பார்க்கச் சொல்கிறேன்.

சரவணன், திருவொற்றியூர்

என் மகள் பிறந்தபோதே முதுகு முழுக்கக் கருநிற மச்சம், அதன்மேல் மெல்லிய முடி. பார்க்க வந்த உறவுக்காரர்கள் முதலில் கேட்டது, “கிரகணத்தன்று வெளியே வந்தாளா?” என்பதுதான். என் மனைவி வரவில்லை. ஆனாலும் அன்று வயிற்றைச் சொறிந்தேனோ, கத்தியைத் தொட்டேனோ என்று அவளே தன்னைக் குடைய ஆரம்பித்துவிட்டாள். குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதும் கண்ணீர்தான். அதைக் கேட்டவர்கள் மீது இன்றும் எனக்குக் கோபம் தணியவில்லை.

தோல் மருத்துவர் ஒரு பெண்மணி. என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, வெள்ளைத் தாளில் வட்டம் வட்டமாகச் செல்களை வரைந்தார். ஒரே ஒரு வட்டத்தைப் பேனாவால் கறுப்பாக்கினார். கருவில் பிள்ளை உருவாகும் ஆரம்ப வாரங்களில் ஒரு செல்லில் என்ராஸ் என்ற மரபணு மாறியிருக்கிறது; அந்தச் செல்லிலிருந்து பிறந்த செல்களெல்லாம் முதுகில் பரவியிருக்கின்றன. “அம்மா, இது உன்னிடமிருந்தும் வரவில்லை, உன் கணவரிடமிருந்தும் வரவில்லை. நீ செய்த எதனாலும் வரவில்லை” என்றார். அடுத்த பிள்ளைக்கும் இதே வரும் என்று பயப்பட வேண்டியதில்லை என்றும் சொன்னார். அன்று இரவுதான் என் மனைவி தூங்கினாள்.

வளர்ந்த பிறகு 20 செண்டிமீட்டரைத் தாண்டும் பிறவி மச்சங்களில் மெலனோமா ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். சின்னப் பிறவி மச்சங்களில் மிகக் குறைவு. மகளுக்கு மூளையிலும் நிறமிச் செல்கள் படிந்திருக்கிறதா என்று எம்ஆர்ஐ எடுத்தார்கள். இல்லை. இப்போது அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து வைக்கிறோம், மச்சத்துக்குள் கடினமாக முடிச்சு எதுவும் தட்டுகிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிறோம். கத்திரி வெயிலில் அந்த இடம் வறண்டு அரிக்கும்; குளித்ததும் களிம்பு தடவினால் அடங்குகிறது.

மெஹருன்னிசா, ராயப்பேட்டை

இரண்டு கேள்விகள். என் மாமியாருக்குக் கட்டைவிரல் நகத்தில் கறுப்புக் கோடு. மருதாணி மறைத்ததால் எப்போது வந்ததென்று தெரியவில்லை. இன்னொன்று, என் நாத்தனார் முகத்து மச்சத்தை பார்லரில் எரித்து எடுக்கப் போகிறாள். சுண்ணாம்பும் சோடாவும் வைத்தாலே உதிர்ந்துவிடும் என்றும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

கலைவாணி, மந்தைவெளி

மெஹருன்னிசா, எரிக்க விடாதீர்கள். எரித்துவிட்டால் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்க எதுவும் மிஞ்சாது. அழகுக்காக எடுப்பதென்றாலும் முதலில் தோல் மருத்துவர் பார்க்கட்டும். சந்தேகம் இருந்தால் முழுதாக வெட்டியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்.

நகக் கோட்டைப் பற்றி நானும் அன்று கேட்டேன். நம் நிறத்தவர்களுக்குப் பல நகங்களில் பழுப்புக் கோடுகள் இருப்பது சகஜம். ஒரே நகத்தில் மட்டும் வந்து, நாளாக ஆக அகலமாகி, நகத்தைச் சுற்றியுள்ள தோலிலும் கறுப்பு இறங்கினால் தாமதிக்கக் கூடாது. கட்டைவிரலும் கால் பெருவிரலும் கூடுதல் கவனத்துக்குரியவை. மாமியாருக்கு ஒரே நகத்தில் என்பதால் இந்த வாரமே அழைத்துப் போங்கள். அதுவரை அந்த விரலுக்கு மருதாணி வைக்க வேண்டாம்.