புத்தக அட்டை வடிவமைப்பாளருக்கு இணையப் பக்கம்: எங்கே வைப்பது, எதைக் காட்டுவது?

அட்டைமேசை:
தமிழ்ப் புத்தகங்களுக்கு அட்டையும் உள்பக்க வடிவமைப்பும் செய்கிறேன். இதுவரை சுமார் 60 அட்டைகள். பதிப்பகத்தார் மாதிரி கேட்டால் வாட்ஸ்அப்பில் படம் படமாக அனுப்புகிறேன். கூகுள் டிரைவ் இணைப்பைத் திறந்தால் அனுமதி கேட்கிறதாம். குறைந்த செலவில் சொந்தப் பக்கம் வேண்டும். எங்கே வைக்கலாம்? அச்சுக்குக் கொடுத்த கோப்பையே ஜேபெக் ஆக்கிப் போட்டால் நிறம் மாறித் தெரிகிறதே, ஏன்? 60 அட்டைகளையும் போடலாமா?

மைத்தடம்:
நிறம் மாறுவதற்குக் காரணம் அச்சுக்கோப்பு, அச்சு மைகளுக்கான நான்கு நிற முறையான சிஎம்ஒய்கே-யில் இருப்பது. அப்படிப்பட்ட ஜேபெக்கைச் சில உலாவிகளும் கைபேசிச் செயலிகளும் தவறாகக் காட்டும். போட்டோஷாப்பில் எடிட் மெனுவில் ‘கன்வர்ட் டு புரொஃபைல்’ போய், இணையத்துக்கான பொது நிறவெளியான எஸ்ஆர்ஜிபி கொடுங்கள். சேமிக்கும்போது புரொஃபைலையும் (எந்த நிறவெளி என்று சொல்லும் குறிப்பு) சேர்த்தே சேமியுங்கள். மோடு மெனுவில் வெறுமனே ஆர்ஜிபி என்று மாற்றினால், உங்கள் கணினியில் எஸ்ஆர்ஜிபியைவிட அகன்ற நிறவெளியான அடோபி ஆர்ஜிபி அமைந்திருக்கும் பட்சத்தில் சிவப்பும் பச்சையும் இணையத்தில் வெளிறித் தெரியலாம்.

3 மி.மீ. பிளீடையும் (வெட்டுவதற்காக ஓரத்தில் விடும் கூடுதல் பகுதி) வெட்டுக்குறிகளையும் நீக்கிவிட்டு ஏற்றுங்கள். முதல் படம் முன்னட்டை மட்டும். முதுகு, பின்னட்டையோடு விரித்த முழு அட்டை இரண்டாவதாக வரட்டும். நீண்ட பக்கம் 1600 பிக்சல், தரம் 75 முதல் 80, ஒரு படம் 300 கேபிக்குள். முகப்பில் வரிசையாகத் தெரியும் சிறு படங்களுக்கு 600 பிக்சல் போதும். பெரிய படத்தையே சுருக்கிக் காட்டினால் கைபேசியில் பக்கம் திறப்பதற்குள் ஆள் போய்விடுவார்.

அச்சான புத்தகத்தைப் படமெடுத்துப் போடுவதும் அவசியம். திரையில் நன்றாக இருப்பது எல்லாருக்கும் வரும். அச்சில் நன்றாக வருகிறதா என்பதுதான் பதிப்பாளரின் கேள்வி. ஜன்னலோரப் பகல் வெளிச்சம், ஃபிளாஷ் வேண்டாம். கைபேசிப் படத்துக்குள் நீங்கள் இருக்கும் இடத்தின் விவரமும் பதிந்திருக்கலாம். அதை நீக்கிவிட்டு ஏற்றுங்கள்.

வலைத்தச்சு:
கிட்ஹப் தளம் தரும் இணையப் பக்கச் சேவையான கிட்ஹப் பேஜஸ் போதும், இலவசம். உங்கள் பயனர்பெயரோடு ‘.கிட்ஹப்.ஐஓ’ சேர்ந்த பெயரில் பொதுக் களஞ்சியம் (ரெப்பாசிட்டரி, கோப்புகளை வைக்கும் இடம்) ஒன்று திறந்து கோப்புகளை ஏற்றினால் பக்கம் தயார். தளத்தின் மொத்த அளவு 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும். மேலே சொன்ன அளவில் படங்கள் இருந்தால் அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூடப் போகமாட்டீர்கள். களஞ்சியம் எல்லாருக்கும் திறந்தது என்பதால் மூலக்கோப்புகளை அதில் வைக்காதீர்கள். பிறகு சொந்த முகவரி வாங்கினால் முகவரி விற்றவரின் தளத்தில் உள்ள டிஎன்எஸ் அமைப்பில், அந்த முகவரியைக் கிட்ஹப்புக்குத் திருப்ப 185.199.108.153 முதல் 185.199.111.153 வரை நான்கு ‘ஏ’ பதிவுகள் சேர்க்க வேண்டும். பாதுகாப்பான இணைப்பு (எச்டிடிபிஎஸ்) என்பதைக் காட்டும் பூட்டுக்குறி வர ஒரு நாள்வரை ஆகலாம்.

உங்கள் துறையில் அதிகம் நடக்கும் தவறு இன்னொன்று. யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் அடித்த குறிப்பை அப்படியே ஒட்டினால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். என்எச்எம் கன்வர்ட்டர் என்ற எழுத்து மாற்றியில் யூனிகோடாக்கிய பிறகு ஒட்டுங்கள். குறிப்புகளைப் படத்துக்குள்ளேயே எழுதிவைப்பதும் கூடாது, தேடலில் சிக்காது. எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் அல்லது ஹிந்த் மதுரை. வரி இடைவெளி 1.6க்குக் குறைந்தால் மேல்வரியின் ‘கு’, ‘மு’ கீழ்வரியின் ‘கி’, ‘மீ’ மேல் இடிப்பதுபோல் நெருங்கும்.

பக்கவிளிம்பு:
60 வேண்டவே வேண்டாம், 12 போதும். பார்ப்பவர் உங்கள் ஆகச் சுமாரான அட்டையை வைத்துத்தான் எடைபோடுவார். எந்த வேலை இனியும் வர வேண்டும் என்று நினைக்கிறீர்களோ அதை முன்னால் வையுங்கள். கவிதைத் தொகுப்பு வேண்டுமென்றால் போட்டித்தேர்வு வழிகாட்டிகளை எடுத்துவிடுங்கள்.

ஒவ்வொன்றின் கீழும் நான்கு வரி: அளவு (டெம்மி 1/8, 5.5 × 8.5 அங்குலம் என்பதுபோல்), பக்க எண்ணிக்கை, தாளும் லேமினேஷனும், இதில் நீங்கள் செய்தது எது. ஓவியம் வேறொருவருடையது என்றால் அவர் பெயர் கட்டாயம். உள்பக்க வடிவமைப்புக்கு ஒரு விரிபக்கத்தை, உரையைப் படிக்கும் அளவுக்குப் பெரிதாகக் காட்டுங்கள்.

அனுமதி விஷயத்தில் கவனம். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 17ஆவது பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், சம்பள வேலையில் செய்தது முதலாளிக்கே சொந்தம். காசு வாங்கிக்கொண்டு ஒருவர் கேட்டு வரைந்து கொடுத்த ஓவியமும் கேட்டவருக்கே. ஆகவே இனி விலைப்புள்ளி அனுப்பும்போதே ‘வெளியீட்டுக்குப் பின் என் மாதிரித் தொகுப்பில் காட்டுவேன்’ என்று ஒரு வரி சேர்த்து ஒப்புதல் வாங்குங்கள். பழைய வேலைகளுக்கு மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். வெளிவராத புத்தகத்தின் அட்டையைப் போடவே கூடாது.

அட்டைமேசை:
மிக்க நன்றி. 12 எடுத்து ஏற்றிப் பார்த்தேன். என் கணினியில் எல்லாப் படமும் தெரிகிறது, ஏற்றிய பிறகு நான்கு மட்டும் உடைந்து தெரிகிறது. வாட்ஸ்அப்பில் இணைப்பு அனுப்பினால் முன்னோட்டப் படமும் வரவில்லை.

வலைத்தச்சு:
கோப்புப் பெயரைப் பாருங்கள். விண்டோஸ் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டைப் பொருட்படுத்தாது, கிட்ஹப் பொருட்படுத்தும். கேமராவிலிருந்து வந்த கோப்பில் ‘ஜேபிஜி’ என்ற ஒட்டு பெரிய எழுத்தில் இருக்கும், நீங்கள் நிரலில் சின்ன எழுத்தில் எழுதியிருப்பீர்கள். எல்லாப் பெயரையும் சின்ன எழுத்தாக்கி, இடைவெளிக்குப் பதில் சிறுகோடு போடுங்கள்.

வாட்ஸ்அப்புக்கு, முன்னோட்டத்தில் எந்தப் படம் வர வேண்டும் என்று பக்கத்தின் நிரலில் சொல்லும் ‘ஓஜி இமேஜ்’ குறிச்சொல் வேண்டும். 1200 × 630 பிக்சலில் தனிப் படம் ஒன்று செய்து, எச்டிடிபிஎஸ்-இல் தொடங்கும் முழு முகவரியை அதில் கொடுங்கள். பாதி முகவரி வேலைசெய்யாது. உங்கள் அட்டை நெடுக்கானது, அதை அப்படியே கொடுத்தால் தலைப்பு வெட்டுப்படும். மூன்று அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செய்யுங்கள். பழைய முன்னோட்டம் கொஞ்சநேரம் ஒட்டிக்கொண்டிருக்கும். முகவரியின் கடைசியில் கேள்விக்குறியும் ஓர் எண்ணும் சேர்த்து அனுப்பினால் புதியது வரும்.