பதில்: ‘ரட்டிங்’ – தேய்மானமா, தடக்குழிவா?

> தார்ச்சாலையில் சக்கரம் ஓடும் வரிசையில் விழும் நீளப் பள்ளத்துக்குச் ‘சக்கரத் தேய்மானம்’ என்றே வைத்துக்கொள்ளலாம். படிக்கிறவருக்கு உடனே புரியும்.

அண்ணாச்சிக்கு வணக்கம். ஆங்கிலத்தில் ‘ரட்டிங்’ (rutting) என்பதற்கு நம் கலைச்சொல் பட்டியலில் ‘சக்கரத் தேய்மானம்’ என்று வைக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

உடனே புரியும், ஆனால் தப்பாகப் புரியும் என்பதுதான் என் கவலை. ஸ்வீடன், பின்லாந்து போன்ற நாடுகளில் பனிக்காலத்தில் ஆணி பதித்த டயர்களோடு ஓட்டுகிறார்கள். அந்த ஆணிகள் சாலையைச் சுரண்டியே பள்ளமாக்கிவிடும். அங்கே ‘தேய்மானம்’ சரியான சொல். திருநெல்வேலிச் சீமையில் நடப்பது வேறு. இங்கே சாலையின் பொருள் பெரும்பாலும் எங்கும் போய்விடுவதில்லை. சக்கரத்துக்கு அடியில் அமுங்குகிறது, இல்லையென்றால் பக்கவாட்டில் நகர்ந்துவிடுகிறது.

ஜல்லியைப் பிடித்து வைத்திருப்பது நிலக்கீல், பேச்சில் தார். வேகமாகக் கடந்து போகும் பாரத்துக்கு அது வளைந்து திரும்பிவிடும். மெதுவாக ஊர்ந்து போகும் பாரமோ நின்றுவிட்ட பாரமோ வந்தால், கெட்டிக் குழம்பைப் போலக் கொஞ்சங்கொஞ்சமாக ஒழுகும், திரும்பி வராது. அதனால்தான் ஒரே சாலையில் நேர்வழியெல்லாம் நன்றாக இருக்க, சிக்னலுக்கு முன்னாலும் பேருந்து நிறுத்தத்திலும் சுங்கச்சாவடியிலும் ஏற்றத்திலும் மட்டும் தடம் ஆழமாக விழும். வண்ணார்பேட்டைப் பக்கம் பேருந்துகள் நின்று நின்று நகரும் இடங்களை ஒருதரம் குனிந்து பாருங்கள்.

வெயிலும் இதற்குக் கூட்டு. சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டையில் காற்றின் வெப்பம் 40 டிகிரியை நெருங்கும்போது, கறுத்த சாலைப் பரப்பு 60 டிகிரியைத் தாண்டிவிடும். நம் நாட்டில் விஜி-10, விஜி-30, விஜி-40 என்று நிலக்கீலைத் தரம் பிரிப்பதே 60 டிகிரியில் அதன் பாகுநிலையை, அதாவது எளிதில் ஒழுகாத கெட்டித்தன்மையை, அளந்துதான். வெயிலும் கனரக வண்டியும் சேர்ந்த இடத்துக்குக் கெட்டியான விஜி-40 வேண்டும்.

அப்புறம் பாரம். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஒட்டாவாவில் 1958 முதல் 1960 வரை ஒரு பெரிய சாலைச் சோதனை நடத்தினார்கள். அச்சுப் பாரம், அதாவது வண்டியின் ஒரு சக்கர அச்சு சாலைமேல் இறக்கும் எடை, கூடினால் சேதம் ஏறத்தாழ அதன் நான்காம் அடுக்கில் கூடும் என்ற கணக்கு அதிலிருந்து வந்ததுதான். பாரம் இரண்டு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு. 2018-இல் இந்தியாவில் நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு அனுமதிக்கும் பாரத்தை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தினார்கள். கூடியது 13 சதவீதம்கூட இல்லை. நான்காம் அடுக்குக் கணக்கில் சேதம் ஒன்றரை மடங்கைத் தாண்டுகிறது. இது சட்டப்படி ஏற்றும் பாரத்துக்கு. புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போகும் ஜல்லி, எம்-சாண்ட் லாரிகளில் அதற்கு மேல் ஏற்றினால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஆயிரம் கார் செய்யாததை ஒரு லாரி செய்துவிடும்.

‘தேய்மானம்’ என்று எழுதினால், தேய்ந்ததை நிரப்பினால் போதும் என்றுதான் படிக்கிறவர் நினைப்பார். மேலே புதுத் தார் போடுவதும் அந்த நினைப்பில்தான். கீழே இருக்கும் கலவையே குழைந்திருந்தால், அதன்மேல் போட்டதும் அடுத்த கோடையில் அதே வரிசையில் இறங்கும். கலைச்சொல் காரணத்தை மறைக்கக் கூடாது. என் பரிந்துரை: தடக்குழிவு.

*

தம்பி,

விளக்கம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ‘தேய்மானம்’ போகட்டும். ஆனால் ‘குழிவு’ என்றால் சாலை வேலை பார்க்கிறவர்கள் ‘குழி’ என்றே எடுத்துக்கொள்வார்கள். குழி என்றால் பேட்ச் ஒர்க்தான் அவர்கள் நினைப்பில் வரும். எங்கள் தென்காசிப் பக்கம் மாட்டுவண்டி போய்ப் போய் விழுந்த கோட்டுக்கு ‘வண்டித்தடம்’ என்போம். பழகிய சொல். அது போதாதா?

*

அண்ணாச்சி,

வண்டித்தடம் நல்ல சொல். ஆனால் அது வண்டி போகும் கோட்டைச் சொல்கிறது. பள்ளமே விழாத சாலையிலும் சக்கரம் போகும் தடம் உண்டு. நமக்கு வேண்டியது ஆழத்தைச் சேர்த்துச் சொல்லும் சொல். இந்தியச் சாலை வடிவமைப்பு நெறிமுறையில் சராசரி 20 மி.மீ. ஆழம் வந்தால் சாலை தோற்றதாகக் கணக்கு. ‘தடக்குழிவு 20 மி.மீ.’ என்று எழுதினால் வாக்கியம் நிற்கிறது. ‘வண்டித்தடம் 20 மி.மீ.’ என்றால் அகலமா ஆழமா என்று கேள்வி வரும். குழி என்பது பெயர்ந்து போன இடம், குழிவு ஒரு வடிவம். முன்னால் ‘தடம்’ நிற்பதால் குழப்பம் குறையும் என்று நம்புகிறேன்.

இன்னொரு வசதி, இதை இரண்டாகப் பிரிக்கலாம். குழிவு ஒடுங்கி, இரண்டு ஓரமும் வரப்புப் போல மேலெழும்பி இருந்தால், குழைந்தது மேலடுக்குத் தார்க்கலவை. அதற்குப் ‘பிதுங்கு தடக்குழிவு’. குழிவு அகலமாக, ஓரம் எழும்பாமல் மொத்தமாக இறங்கியிருந்தால் அடிமண்ணோ சரளோ விட்டுக்கொடுத்திருக்கிறது. ‘ரோடு உள்வாங்கிருச்சு’ என்று ஊரில் சொல்வதே இதைத்தான். ஆகவே ‘உள்வாங்கு தடக்குழிவு’. முன்னதற்குக் கெட்டுப்போன அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கெட்டியான கலவை போட வேண்டும். பின்னதற்கு வடிகாலையும் அடித்தளத்தையும் பார்க்காமல் மேலே என்ன போட்டாலும் வீண்.

ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் குழிவுகளில் தண்ணீர் தேங்கி, விரிசல் வழியாக உள்ளே இறங்கி, ஜல்லியிலிருந்து தாரைப் பிரித்துவிடும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது போன்ற மழைக்கு எந்தச் சாலையும் திணறும். ஆனால் தடக்குழிவு விழுந்த சாலை சாதாரண மழைக்கே தாங்காது. தார் பிரிவதற்கு இன்னொரு சொல் வேண்டும், ‘தாருரிவு’ என்று யோசித்திருக்கிறேன். தனி இழையில் பேசுவோம்.

*

தம்பி,

‘உள்வாங்கு’ என்ற சொல்லுக்காகவே சம்மதம். மூன்றையும் பட்டியலில் ஏற்றிவிடுங்கள். ‘பிதுங்கு’, ‘உள்வாங்கு’ இரண்டுக்கும் ஓரம் எழும்பியதும் எழும்பாததும் தெரிகிற குறுக்குவெட்டுப் படம் ஒன்று போடுங்கள். ‘தாருரிவு’ எனக்கு உடன்பாடில்லை, அங்கே வந்து சொல்கிறேன்.