டோட்டியை ரோமா திரும்பக் கூப்பிட்டால், என்ன வேலைக்கு?

பொகவந்தலாவ பத்து:

இத்தாலியின் ரோமா கால்பந்துக் கழகத்துக்கு ரசிகர்கள் இந்தப் பக்கம் நாலு பேராவது இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் கேட்கிறேன். அதன் பழைய நட்சத்திர வீரர் டோட்டி திரும்பவும் கழகத்துக்குள் வருவார், வரமாட்டார் என்று வருஷக்கணக்கில் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது. 2027இல் ரோமாவுக்கு நூறு வயது வேறு. அந்தக் கொண்டாட்டத்தில் அவரை வெளியே நிறுத்திவைக்க முடியாது. சரி, வந்தால் என்ன வேலை? அதுதான் என் கேள்வி.

பின்னணி தெரியாத தம்பிமாருக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1993 மார்ச்சில் பிரெஷியாவுக்கு எதிராக 16 வயதில் இறங்கிய மனிதர், 2017 மே 28ஆம் திகதி ஜெனோவா ஆட்டத்தோடு பூட்ஸைக் கழற்றினார். இடையில் 786 ஆட்டம், 307 கோல். வேறு கழகத்தை எட்டியும் பார்க்கவில்லை. ஓய்வு பெற்ற கையோடு இயக்குநர் என்று பதவி கொடுத்து, கோட் போட்டு மேலே உட்காரவைத்தார்கள். அது இரண்டு வருஷம்தான் ஓடியது. 2019 ஜூன் 17ஆம் திகதி பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, விலகுகிறேன் என்று சொல்லிவிட்டார். பெயருக்குத்தான் பதவி, அணி சம்பந்தமான முடிவுகளில் தன்னை உண்மையாகச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பது அவருடைய குறை. திகதியைக் கவனியுங்கள். 2001இல் பார்மாவை 3-1 என்று அடித்து ரோமா சம்பியன் ஆனதும் ஜூன் 17தான். அன்றைக்கு முதல் கோல் இவருடையது.

அப்போதைய முதலாளி பலோட்டா 2020இல் கழகத்தை ஃபிரீட்கின் குடும்பத்துக்கு விற்றுவிட்டார். சண்டை போட்ட ஆட்கள் போய்விட்டார்கள், ஆனால் சங்கடம் போகவில்லை. டோட்டி போட்ட பத்தாம் நம்பர் ஜெர்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு அதிகாரபூர்வமாக ஓய்வு கொடுக்கவில்லை, டோட்டிக்குப் பிறகு ஒருவர் முதுகிலும் ஏற்றவுமில்லை. அர்ஜென்டினா வீரர் டிபாலா வந்தபோது 21தான் போட்டார். ஜெர்சியை என்ன செய்வது என்றே முடிவெடுக்காதவர்கள் ஆளை என்ன செய்யப்போகிறார்கள்?

நான் தேயிலைத் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட். இத்தாலியில் இரவு 8.45 ஆட்டம் என்றால் குளிர்காலத்தில் நமக்கு 1.15. கொழுந்து வாடப்போடும் மாடியில் ஒரேயொரு ஜன்னலோரம்தான் சிக்னல் பிடிக்கும். பக்கத்தில் அந்தப் பெரிய விசிறி ஓடுவதால் வர்ணனை ஒன்றும் காதில் விழாது, படம் மட்டும்தான். அப்படிப் பார்க்கும்போது கமரா அடிக்கடி மேல்தட்டுக்குப் போய் ஏதாவது பழைய ஆளைக் காட்டும். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். டோட்டியை அந்தக் கோலத்தில் பார்க்க எனக்கு இஷ்டமில்லை. வராமலே இருந்துவிடலாம். உங்கள் அபிப்பிராயம் என்ன?

தலவாக்கலை தம்பி:

அண்ணே, நான் டிபாலா வந்த பிறகுதான் ரோமா பார்க்க ஆரம்பித்தேன். டோட்டி ஆடியதை யூடியூப்பில்தான் பார்த்திருக்கிறேன். எனக்கு நேரில் நடந்தது டி ரோஸி கதை. அவரும் ரோமாவுக்கு 616 ஆட்டம் ஆடிய ஆள். 2024 ஜனவரியில் மொரீனியோவை அனுப்பிவிட்டு இவரைப் பயிற்றுவிப்பாளர் ஆக்கினார்கள். அணி நிமிர்ந்தது. 2027 வரைக்கும் ஒப்பந்தம் எழுதினார்கள். அப்புறம் புது சீசனில் நாலே லீக் ஆட்டம், மூன்று சமநிலை, ஒரு தோல்வி. செப்டெம்பரில் வீட்டுக்குப் போ என்றுவிட்டார்கள். ரசிகர்கள் கொதித்த கொதிப்பில் சில நாளில் பெண் தலைமை நிர்வாகியும் இராஜினாமா.

இது நடந்தது பலோட்டா காலத்தில் இல்லை, ஃபிரீட்கின் காலத்தில். ஆகவே முதலாளி மாறிவிட்டார், இனி எல்லாம் சரி என்கிற பேச்சை நான் நம்பமாட்டேன். டோட்டி தூரத்திலேயே இருக்கட்டும். தூரத்தில் இருக்கிற ஆளை யாரும் வேலையை விட்டு நிறுத்த முடியாதே!

ரோமில் இருந்தவன்:

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். டோட்டி கடைசி ஆட்டம் ஆடிய காலத்தில் நான் ரோமில் ஒரு வயோதிபரைப் பராமரிக்கும் வேலையில் இருந்தேன். ஊர் ஹட்டன் பக்கம். அந்த ஐயா பரம்பரை ரோமா ரசிகர். நடக்க முடியாது, டிவியில்தான் ஆட்டம். ஜெனோவாவை 3-2 என்று வென்ற பிறகு, டோட்டி மனைவி பிள்ளைகளோடு மைதானத்தைச் சுற்றி வந்து, நடுவில் நின்று ஒரு கடிதம் வாசித்தார். பயமாக இருக்கிறது என்று வெளிப்படையாகவே சொன்னார். பெனால்டி அடிக்க நிற்கும்போது வருகிற பயம் இல்லை இது, இந்த முறை வலையின் ஓட்டை வழியாக அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்க முடியவில்லை என்கிற மாதிரி ஒரு வரி. ஐயா அழுததில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டார். நான் துடைத்துக் கொடுக்க, திரும்பவும் நனைத்துக்கொண்டார்.

2019 பேட்டி நாளில் ஐயா கவனித்தது வேறு. டோட்டி அதைத் திரிகோரியாவில் வைக்கவில்லை. திரிகோரியா என்றால் கழகத்தின் பயிற்சி நிலையம், அலுவலகம் எல்லாம் இருக்கிற இடம். இவர் இத்தாலிய ஒலிம்பிக் சபையின் மண்டபத்தில் வைத்தார். சொந்த வீட்டில் பேச முடியாமல் அடுத்த வீட்டுத் திண்ணையில் நின்று பேசுகிறான் பார் என்று ஐயா திட்டினார். யாரைத் திட்டினார் என்பது எனக்கு இன்றுவரை தெளிவில்லை, இரண்டு பக்கத்தையும்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. விலகின பிறகு டோட்டி வீரர்களைத் தேடிப் பிடித்து, அவர்களுடைய விவகாரங்களைப் பார்த்துக்கொள்ளும் தொழிலில் இறங்கினார். கழகத்தில் ஒரு பதவியும் கையில் முகவர் தொழிலும் சேர்ந்து போகாது, பீஃபா சட்டமே விடாது. ஆகவே திரும்பி வருவது என்றால் அவரும் எதையாவது விட்டுவிட்டுத்தான் வரவேண்டும்.

பொகவந்தலாவ பத்து:

அண்ணே, கடிதத்தில் அந்த ஓட்டை வரியை நான் மறந்தே போயிருந்தேன். நன்றி.

தம்பி, உன் கணக்குக்கு எதிராக ஒரு ஆளைச் சொல்கிறேன், இன்டர் கழகத்தின் பழைய வீரர் சனெட்டி. 2014இல் ஓய்வு பெற்று, அதே வருஷம் உப தலைவர் ஆனார். முதலாளி இந்தோனேசியாக்காரர், அப்புறம் சீனக் கம்பனி, 2024இல் அமெரிக்க நிதி நிறுவனம். மேலே எத்தனை கை மாறினாலும் இவர் நாற்காலி அசையவில்லை. காரணம், ஆள் வாங்குகிற விற்கிற விவகாரத்தில் முன்னால் வந்து நிற்கவில்லை. வெளிநாடு போவார், விழாவுக்குப் போவார், சிரித்த முகம். ஆனால் டோட்டி அந்த ரகம் இல்லையே. 2019இல் அவர் கேட்டதே அணி சம்பந்தமான வேலையைத்தான்.

ரனியேரி மாதிரி வழி ஒன்றும் இருக்கிறது. அவரும் ரோமில் பிறந்தவர். 2024 நவம்பரில் மூன்றாம் முறை ரோமாவின் பயிற்றுவிப்பாளராகப் பொறுப்பெடுத்து, அணியை ஐந்தாம் இடம் வரை இழுத்துக்கொண்டு வந்தார், ஒரு புள்ளியில் நாலாம் இடம் போனது. சீசன் முடிந்ததும் பயிற்றுவிப்பை விட்டு முதலாளிக்கு ஆலோசகர் ஆனார். நேரே முதலாளி காதில் பேசுகிற இடம் அது. டோட்டிக்கு 2019இல் இல்லாமல் போனது அந்த இடம்தான்.

மஸ்கெலியா பழைய கோலி:

எல்லாரும் களத்தில் ஓடி ஆடிய ஆட்களைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் கோல் காத்தவன், ஆகவே ஜெர்மனியின் பழைய கோலி ஒலிவர் கானைச் சொல்கிறேன். அவர் டோட்டி மாதிரி நேரே மைதானத்திலிருந்து கதிரைக்குப் போனவர் இல்லை. முகாமைத்துவம் படித்துவிட்டு, 2020இல் தன் பழைய கழகமான பயேர்ன் மூனிச்சின் நிர்வாகசபைக்குள் வந்து, 2021இல் தலைமை நிர்வாகி ஆனார். 2023 மே மாதம் கடைசி நாள் கொலோனில் பயேர்ன் சம்பியன் ஆகிறது, அன்றைக்கே அவரை நீக்கிய செய்தியும் வருகிறது. மால்டினி? மிலான் கழகத்துக்கு 902 ஆட்டம் ஆடியவர். தொழில்நுட்ப இயக்குநராக இருந்து 2022இல் பட்டமே எடுத்துக் கொடுத்தார். அடுத்த ஜூனில் அவரையும் அனுப்பிவிட்டார்கள். அதிகாரம் கொடுத்தாலும் இந்தக் கதி, கொடுக்காவிட்டால் டோட்டி கதி. பொகவந்தலாவத் தம்பி கேட்கிற அந்த நடு இடம் பெரிய கழகங்களில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

எங்கள் தோட்டத்துக் கழகத்தில் இருக்கிறது. முன்பு எங்களுக்கு நடுக்கள வீரர் ஒருவர் இருந்தார், இந்தப் பக்கத்தில் அவர் காலைத் தெரியாத ஆள் இல்லை. முழங்கால் போன பிறகு போஷகர் ஆக்கினோம். சித்திரைப் புத்தாண்டுப் போட்டிக்கு வருவார், பொன்னாடை போடுவோம், வீரர்களுக்குக் கைகொடுப்பார், முதல் பந்தைத் தட்டிவிடுவார், வடையும் தேத்தண்ணியும் முடிந்ததும் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிடுவோம். இப்படியே பல வருஷம். ஒருமுறை பொன்னாடையை மடித்துத் திரும்பக் கொடுத்துவிட்டார். இது வேண்டாம், சனிக்கிழமை பொடியன்களை என்னிடம் விடுங்கள் என்றார்.

எங்கள் கிரவுண்ட் ஒரு பக்கம் சரிவு. பந்து கீழே போனால் தேயிலைக்குள்தான், அடித்தவன்தான் இறங்கி எடுக்க வேண்டும். அவர் பொடியன்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், ஏற்றப் பக்கம் ஆடும்போது பந்தைத் தரையோடு தட்டு, இறக்கப் பக்கம் ஆடும்போது பாஸை அரைவாசி பலத்தில் கொடு என்பது. எங்களில் ஒருவரும் அதைச் சொல்லிக் கொடுத்ததில்லை. பிறந்ததிலிருந்து அந்தச் சரிவிலேயே ஆடியவர்கள் நாங்கள்!

டோட்டிக்கும் அதைத்தான் கொடுப்பேன். திரிகோரியாவில் 15, 16 வயதுப் பையன்கள் இருக்கிறார்கள், அவரும் 16 வயதில் பெரிய அணிக்கு ஆடியவர். வாரத்தில் இத்தனை நாள், யாரிடம் பதில் சொல்ல வேண்டும், எந்தப் பையன் மேலே போவது என்பதில் அவர் சொல்லுக்கு என்ன மதிப்பு, எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். நூற்றாண்டு விழாவுக்கு மட்டும் வந்து போ என்றால் அது போஷகர் வேலை.

தலவாக்கலை தம்பி:

கோலி அண்ணே, பொடியன்களைப் பழக்குவது சரி. பெரிய அணி தெரிவு செய்யும்போதும் அவரைக் கேட்கிறீர்களா, இல்லை அதை நீங்களே பார்த்துக்கொள்கிறீர்களா?

மஸ்கெலியா பழைய கோலி:

கேட்கிறோம். போன போட்டிக்கு என் மகனை வெளியே உட்காரவைத்தார். அவன் அம்மா இன்னும் அந்த மனுஷனோடு பேசுவதில்லை.